தட்டில் வைக்கும் கை

"படிச்ச ஆக்கள் பேப்பரைப் பாப்பினம், முகத்தைப் பாக்கமாட்டினம். ஒருக்கா வந்துபோன ஆளை அடுத்த வருசம் ரோட்டில கண்டா உனக்கு அடையாளம் தெரியுமோ? எனக்கெண்டா நம்பிக்கை இல்லை."

என்னை வேலைக்கு எடுத்த அன்றைக்கு அன்ரி சொன்னது இது. கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு சின்ன நகைக்கடை இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் என்ற சொல்லைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா இன்றைக்கும் சற்று மெதுவாகத்தான் சொல்வார். அப்படி வாங்கிய பட்டச் சான்றிதழை நான் இரண்டு கையாலும் நீட்ட, அன்ரி அதை வாங்கவில்லை. "உதில வை" என்று சிவப்பு வெல்வெட் விரித்த ஒரு தட்டைக் காட்டினார். வைத்தேன். அதற்குப் பிறகுதான் எடுத்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும் என் கையில் தராமல் திரும்பவும் தட்டிலேயே வைத்தார்.

எனக்குச் சுட்டது. நாங்கள் இருப்பது ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், பொதுக் குழாய், எல்லார் வீட்டுச் சண்டையும் எல்லாருக்கும் கேட்கிற ஒரு ஒழுங்கைச் சந்து. தோட்டத்துப் பிள்ளையின் கை பட்டுவிடக்கூடாது என்று நினைக்கிறவர்களை நான் முன்னமே கண்டிருக்கிறேன். இவரும் அந்த வகைதான் என்று முடிவு கட்டினேன். ஒரு கிழமைக்குள் அந்த முடிவை மாற்றவேண்டி வந்தது, ஏனென்றால் அவர் யாருக்குமே எதையும் கையில் கொடுப்பதில்லை.

நகைக்கடைக்காரர் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. இரண்டு கைக்கு நடுவில் ஒரு கல் விழுந்தால் அது யார் விட்டது என்று முடியாத வழக்கு வரும். தட்டில் வைத்தால் வழக்கில்லை. வைத்தவர் வைத்தார், எடுத்தவர் எடுத்தார். மற்றக் கடைக்காரர்கள் பின்னேரம் கடையைப் பூட்டும்போது அந்த வழக்கத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அன்ரி அதை வெள்ளவத்தையிலிருக்கிற தன் வீடு வரைக்கும் கொண்டு போனார். என் சம்பளம் தட்டில் வரும். நான் கொண்டுபோகும் தேநீர்க் கோப்பை தட்டில் வைக்கப்படவேண்டும். காது குத்துவதற்குக் கைக்குழந்தையைக் கொண்டுவந்த ஒரு தாய், "கொஞ்சம் புடிங்க அன்ரி" என்று பிள்ளையை நீட்டினாள். அன்ரி தன் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "மேசையில இருத்தம்மா, மேசையில இருத்து" என்றார். குழந்தை தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தது.

கடைக்கு முன்னால் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் எப்போதும் நிற்பார். மழை நாளில் அன்ரியை வெள்ளவத்தையில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். இறங்கும்போது அவர் வேண்டுமென்றே கையை விரித்து நீட்டுவார். அன்ரி காசைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு இறங்குவார்.

"என்ன அன்ரி, என்ட கையில குட்டமா?"

"உம்மட கை நல்ல கைதான். பின்னால திரும்பி எடும். இடுப்புக்கும் ஒரு எக்சர்சைஸ்."

"ஒரு நாளைக்கு இந்தக் கையில நீங்களா வைக்கிறீங்களா இல்லையா, பாருங்க."

அந்த நாள் வரவில்லை. கடைக்கு முன்னாலேயே முச்சக்கரவண்டிக்காரரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அன்று நான் நகைப்பெட்டி வாங்க நுகேகொடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது ஒழுங்கையை நாடாவால் மறித்திருந்தார்கள். முச்சக்கரவண்டியின் முன்சக்கரம் எங்கள் கடைப்படியை முட்டியபடி நின்றது. மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்களாம். ஓட்டியவன் முகம் தெரியவில்லை. பின்னால் இருந்தவன், வண்டிக்குள் இருப்பது தான் தேடிவந்த ஆள்தானா என்று பார்க்க ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினான். பார்த்தான். சுட்டான். கடையின் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற அன்ரி, இரண்டு எட்டுத் தூரத்தில் அந்த முகத்தைக் கண்டார். ஏன் கொன்றார்கள் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆள் மாறிப்போயிற்று என்றும் கதைத்தார்கள்.

பொலிஸ் வந்து கேட்டபோது பேக்கரிக்காரர் உள்ளே மா பிசைந்துகொண்டிருந்தார். ஃபோன் கடைக்காரர் கழிவறையில் இருந்தார். எதிர்வீட்டு அம்மா மருந்து குடித்துவிட்டு நித்திரை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகள் உள்ளவர்கள், அதே ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அன்ரி மட்டும், "நான் கண்டனான்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் தொடங்கியது. ஓட்டியவனைப் பிடித்தார்கள். சுட்டவன் அகப்படவில்லை; அவனையும் சேர்த்துத்தான் வழக்கு. வழக்குக்குச் சாட்சி என்று இருந்தது அன்ரி ஒருவர்தான். வழக்கு விசாரணைக்கு வரும் நாள்வரைக்கும் அவர் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் முழுக்க நாங்கள் இருவரும் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஒரு மலர்வளையம் வந்தது. பூக்கடையில் இருந்து அனுப்பியது என்று ஒரு ஆள் கொண்டுவந்து நீட்டினார். பெயர் இல்லை. யாராவது அந்த நேரத்தில் அதைக் கையில் வாங்கியிருப்பார்கள், அல்லது கத்தியிருப்பார்கள். அன்ரி அதைப் பார்த்தார். தட்டில் வைக்க முடியாத அளவுக்குப் பெரிது. "கீழ வைச்சிட்டுப் போங்கோ" என்றார். அந்த ஆள் போனதும் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேசைமேல் இருந்த தராசு ஆடத் தொடங்கி, நெடுநேரம் நிற்கவில்லை.

வெள்ளவத்தை வீட்டில் அவருடைய அண்ணா இருந்தார். அன்ரியின் கணவர் நெஞ்சு நோவில் போனதிலிருந்து அண்ணன் தங்கை இருவரும்தான் அந்த மாடி வீட்டில். நான் கணக்குகளைக் கொண்டுபோன ஒரு பின்னேரம் அவர் சோற்றுக்கு முன்னால் இருந்தபடி தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போடேல்லை, சரியா விளங்கேல்லை எண்டு சொல்லன். பொய்யே? உனக்குக் கண்ணாடி இருக்குத்தானே."

"அது கிட்டப் பாக்கிற கண்ணாடி அண்ணா."

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியுமோ? செத்தவன் உனக்கு மாமனோ, மச்சானோ?"

அன்ரி குழம்புக் கரண்டியை அவர் கைக்குக் கொடுக்காமல் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தார். "கண்டதைக் கண்டனான் எண்டுதான் சொல்லலாம். வேற என்னெண்டு சொல்லுறது? எனக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்லை."

அதில் வீரம் ஒன்றும் இல்லை. அவருக்கு இரவில் நித்திரை இல்லாமல் போயிருந்தது. மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருக்கும் கதிரையிலிருந்து எழும்பி நிற்பார்; ஏன் எழும்பினோம் என்று தெரியாதவர் மாதிரி மீண்டும் உட்காருவார். பஸ்ஸில் வருவதை விட்டார். கோயிலுக்கு வேறு வேறு நேரத்தில் போகத் தொடங்கினார். பொலிஸார் சில நாட்கள் கடைக்கு முன்னால் நின்றார்கள், பிறகு வேறு வேலை வந்தது, போய்விட்டார்கள். அப்போதுதான் ஒரு நாள் காலை என்னிடம், "பிள்ளை, துவக்கு எடுக்க என்ன செய்யவேணுமெண்டு விசாரி" என்றார். துப்பாக்கிக்கும், இடியப்பம் வாங்கிவரச் சொல்லும் அதே குரல்.

அன்ரியின் சிங்களம் கடைச் சிங்களம். விலை சொல்லலாம், நயமாகப் பேசலாம், அலுவலகத்தில் கதைக்க அது காணாது. கதைத்தது முழுக்க நான்தான். எத்தனை மேசைகள், எத்தனை முறை "நாளைக்கு வாங்க". என் குரல் எங்கேயும் தடுமாறவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். கடைசியாக ஒரு அதிகாரி அன்ரியை உட்காரவைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"அம்மா, இவ்வளவு பயம் இருந்தால் ஏன் சாட்சி சொல்லப் போகிறீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அன்ரி யோசித்தார்.

"பயம் இருக்கிறபடியாத்தான் துவக்குக் கேக்கிறன் எண்டு சொல்லு. சாட்சி வேற கதை. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பவேண்டாமெண்டு சொல்லு. மரியாதையாச் சொல்லு."

மரியாதையாகத்தான் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு அனுமதி வந்தது.

துப்பாக்கி விற்கும் கடையில் அன்ரி நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வரும். விற்பனையாளர் ஒரு பிஸ்டலை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டி, அன்ரியின் கையில் கொடுக்கப் பார்த்தார். அன்ரி மேசையைக் காட்டினார். அவர் வைத்தார். அன்ரி எடுத்து உள்ளங்கையில் கிடத்தி மெல்ல மேலும் கீழும் ஆட்டினார், காப்பின் நிறை பார்ப்பதுபோல.

"இதைவிட நிறை குறைஞ்சது இருக்கோ?"

இன்னொன்று வந்தது. இன்னொன்று. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றை எடுத்தார். அன்ரியின் தொழிலில் நிறை குறைந்து வேலைப்பாடு நன்றாக இருந்தால் அதுதான் நல்ல சாமான். பெண்பிள்ளைக்கு மெல்லிசாக எடுங்கோ என்றுதான் அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். தனக்கும் அப்படியே எடுத்தார். விற்பனையாளரும், பெண்ணுக்குச் சின்னதுதான் சரி என்று தலையாட்டினார்.

நகருக்கு வெளியே ஒரு சுடும் மைதானம். பயிற்சி தந்தவர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்ஜன்ட். வடக்கில் பல வருடம் இருந்தவர். அன்ரியும் வடக்கில் பிறந்து, ஒரு இடப்பெயர்வில் கொழும்புக்கு வந்தவர். எந்த ஊர், எந்த வருடம் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு இருவருமே கவனம் எடுத்தார்கள் என்பது நடுவில் நின்று மொழிபெயர்த்த எனக்குத் தெரிந்தது.

அன்ரி வாங்கிவந்த பிஸ்டலைப் பார்த்ததும் சார்ஜன்ட் உதட்டைப் பிதுக்கினார். சின்னத் துப்பாக்கி சின்னக் கைக்கு இல்லை என்றார். நிறை இருந்தால் உதையைத் துப்பாக்கியே தாங்கிக்கொள்ளும், நிறை இல்லாவிட்டால் அந்த உதை முழுக்க உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வரும். முதல் முறை சுட்டபோது அது சரி என்று விளங்கியது. அன்ரியின் இரண்டு கையும் நெற்றிக்கு மேலே போயின. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிடும் பலமும் அவர் விரல்களில் இல்லை. அதன் சுருள்வில்லும் சின்னதில்தான் இறுக்கம். கடைக்குக் கொண்டுபோய் நட்டத்துக்கு மாற்றி, இரட்டிப்பு நிறையில் ஒன்றைக் கொண்டுவந்தோம். "தாலிக்கொடி மாதிரிப் பாரமாக் கிடக்கு" என்றார் அன்ரி, முகத்தில் அருவருப்போடு.

ஆனால் அந்தப் பாரமான பிஸ்டலோடு அவர் சுட்ட விதம் சார்ஜன்டையே கிட்ட வந்து பார்க்கவைத்தது. விரலை விசையில் போடாமல் நேராக நீட்டி வைப்பதை ஒருமுறை சொன்னாலே போதும். தூரத்தில் நிற்கும் கடதாசி உருவத்தைப் பார்க்கவேண்டாம், துப்பாக்கி நுனியில் இருக்கும் சின்னக் குமிழைத் தெளிவாகப் பாருங்கள், உருவம் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார் சார்ஜன்ட். முப்பது வருடம் வில்லையைக் கண்ணில் வைத்துக் கல்லுக்குள் கீறல் தேடியவருக்கு அது புதிதில்லை. தராசு முள் நிற்கும்வரை மூச்சை அடக்குவது போல மூச்சை அடக்கினார். குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கும் வட்டத்தில் விழுந்தன. அன்றைக்குத் திரும்பும் வழியில் வாகனத்துக்குள் முதல்முறையாக, பல மாதங்களுக்குப் பிறகு, அன்ரி நித்திரை கொண்டார். நானும் நம்பத் தொடங்கினேன்.

சார்ஜன்ட் நம்பவில்லை. ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும், சில நேரம் சுட்டு முடிக்காமலேயே, அன்ரி பிஸ்டலை மேசையில் வைத்துவிடுவார். அழகாக, பக்கவாட்டில், கைப்பிடி மற்றவர் பக்கம் இருக்கும்படி. வாங்குபவர் பக்கம் கொளுக்கி இருக்கும்படி சங்கிலியை வைப்பது போல.

"அம்மா, நான் சொல்லும்வரை கீழே வைக்கக்கூடாது" என்பார் சார்ஜன்ட்.

"சரி மாத்தையா." சிங்கள வாடிக்கையாளரைக் கூப்பிடும் அதே மரியாதைச் சொல். அடுத்த முறையும் வைப்பார்.

ஒரு நாள் அவர் கத்தினார். கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு முன்னால் வந்து நின்று, குண்டெல்லாம் எடுத்துவிட்ட வெறும் பிஸ்டலை மேசையில் வைத்து அன்ரியை எடுக்கவைத்து, "நான்தான் எதிரி. கொடு என்று கேட்பேன். கொடுக்காதீர்கள்" என்றார். கையை நீட்டினார். அன்ரி கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது, அன்ரியின் பார்வை மேசையைத் தேடிப் போனதை நான் கண்டேன். சார்ஜன்டும் கண்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் அம்மாவிடம் குறி இருக்கிறது. பிடி இல்லை. இந்த வயதில் அதை என்னால் கொடுக்க முடியுமா தெரியவில்லை" என்றார். அவர் என் அம்மா இல்லை என்று நான் திருத்தவில்லை. இதை அன்ரிக்கு மொழிபெயர்த்தபோது அவருக்குக் கோபம் வந்தது. "குறி இருந்தாக் காணும். நான் என்ன அவனோட கை குலுக்கவே போறன்?"

வழக்குக்கு இரண்டு மாதம் இருந்தது. பிஸ்டல் கடை மேசையின் லாச்சிக்குள் இருந்தது. லாச்சியை இழுத்துத் திறக்கும் சத்தமே எங்களுக்கு ஒரு தைரியமாகிவிட்டிருந்தது.

அவன் வந்தது காலைப்பொழுதில். வெள்ளைச் சேர்ட், நன்றாகச் சீவிய தலை, வலது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு, கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டிய காது. வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். மூக்குத்தி பார்க்கவேண்டும் என்றான். அன்ரி குனிந்து தட்டை எடுத்து மேசைமேல் வைத்து நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நான் உள்மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதியால்தான் தலையைத் தூக்கினேன்.

"என்ன அன்ரி அப்படிப் பாக்கிறீங்க? என்னைய முன்ன பின்ன கண்டிருக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான். அந்த ஒரு சொல்லை வாங்குவதற்குத்தான் முகத்தை மறைக்காமல் வந்திருந்தான்.

"கண்டனான்."

"எங்க?"

அன்ரி நாடியை உயர்த்தித் தெருவைக் காட்டினார். "உதில. துவக்கோட."

அவன் சிரித்தான். சேர்ட்டின் ஓரத்தை உயர்த்தி இடுப்பில் இருந்த துப்பாக்கியைக் காட்டினான். "கோட்டுலயும் இப்படித்தான் சொல்லப்போறீங்களா?"

"வேற என்னெண்டு சொல்லுறது?"

லாச்சி திறந்தது. அன்ரியின் கையில் பிஸ்டல் வந்தது, பழக்கியபடியே, விரல் நேராக, குழல் நிலத்தைப் பார்க்க. அவன் பின்வாங்கியிருக்கவேண்டும். இடுப்பில் கை வைத்திருக்கவேண்டும். அவன் செய்தது ஒன்றுதான். வலது உள்ளங்கையை விரித்து மேசைக்குக் குறுக்கே நீட்டினான்.

"தாங்க."

ஒரு சாமான் கேட்பது போலத்தான் கேட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு விரித்த கை. அன்ரி முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் கண்ட கை. நான் பார்த்துக்கொண்டிருக்க, அன்ரியின் கை பிஸ்டலைக் கொண்டுபோய் சிவப்பு வெல்வெட்டில், மூக்குத்திகளுக்குப் பக்கத்தில் வைத்தது. கைப்பிடி அவன் பக்கம். தட்டை அவன் பக்கமாக மெல்லத் தள்ளியும் விட்டது.

நொடி நேரம் அவனுக்கே விளங்கவில்லை. தட்டைப் பார்த்தான், அன்ரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. புருவம், தழும்பு, காது. பிறகு பிஸ்டலை எடுத்துச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு, படியிறங்கி, அவசரமில்லாமல் நடந்து போனான்.

அன்ரி கதிரையில் உட்கார்ந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடையதோ ஒன்றைப் பார்ப்பதுபோல.

"வித்துப்போட்டன் பிள்ளை" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். என் விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். அவர் கை நான் நினைத்ததைவிடச் சின்னது.

அனுமதிபெற்ற ஆயுதத்தைத் தொலைத்தவர் என்று அன்ரியைத்தான் முதலில் விசாரித்தார்கள். அனுமதி ரத்தானது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதை வைத்துக் கேலி செய்வார் என்று அன்ரியின் அண்ணா சொன்னார். தன் துவக்கையே கொலைகாரனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தவளின் சாட்சியை யார் எடுப்பார்கள்?

"ஆருக்குக் குடுத்தனி எண்டு கேட்டா, சுட்டவனுக்குத்தான் எண்டு சொல்லுவன்" என்றார் அன்ரி. "அதுவும் நான் கண்டதுதானே."

மைதானத்துச் சார்ஜன்டுக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா உயிரோடு இருக்கிறார் அல்லவா" என்று மட்டும் கேட்டார்.

இருந்தார், அப்போது. வழக்குக்கு முந்தின கிழமை, வெள்ளவத்தையில், கோயிலுக்குப் போவதற்காகத் தன் ஒழுங்கை முனையில் நின்றவரை மோட்டார்சைக்கிளில் வந்து சுட்டார்கள். எந்தத் துப்பாக்கியால் என்று நான் கேட்கவில்லை. அவருடைய பிஸ்டல் இன்னும் அகப்படவில்லை என்று மட்டும் சொன்னார்கள். களுபோவில ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள். அண்ணா வைத்தியசாலை வாசலில் என்னைக் கண்டதும், அன்ரியின் கழுத்தில் கிடந்த சங்கிலியையும் காதுத் தோடுகளையும் ஒரு உறையில் இட்டு என்னிடம் நீட்டினார். என்னால் அதைக் கையில் வாங்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். எடுத்தேன்.

கடை பூட்டியாயிற்று. எனக்குத் துவக்கு எடுக்க வழியில்லை. கடையுமில்லாத, நிலபுலமுமில்லாத ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு யார் அனுமதி தருவார்கள்? தந்தாலும் நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லமுடியாது. பல இரவுகளில் எடுப்பேன் என்றே நினைத்தேன். மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு இப்போது நான் எழும்பி நிற்கிறேன்.

கடைக்கு வந்தவனை வேறொரு இடத்தில் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவன் முகத்தைக் கடையில் கண்டவர்களில் மிச்சம் நான் மட்டும். பொலிஸில் நான் கொடுத்த வாக்குமூலம் இருந்தது. சிங்களத்தில் எழுதியதை நானே வாசித்து, இரண்டு இடத்தில் பிழையைத் திருத்தச் சொல்லித்தான் கையெழுத்து வைத்திருந்தேன். என் அப்பா இந்நாள்வரை வாசிக்காத கடதாசிகளில் பெருவிரல் வைத்தவர். இனி அடையாள அணிவகுப்பு. அண்ணா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, நீ போகாதை. இருட்டா இருந்தது, நினைவில்லை எண்டு சொல்லு. ஆரும் உன்னைப் பிழை சொல்லமாட்டினம்." அது காலைப்பொழுது ஐயா என்றேன்.

அம்மா கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். "உன்னையப் படிக்க வச்சது இதுக்கா?"

"இதுக்கும்தான்மா. எழும்புங்க."

அம்மா எழும்பவில்லை. அப்பாதான் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினார். நீதிமன்ற வாசல்வரைக்கும் என்னோடு வந்தார்.

அது நேற்று. ஒரு நீள அறை. சுவரோரமாக ஒரே உயரத்தில், ஒரே வயதில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் தலை சீவியிருந்தது. ஒவ்வொருவர் புருவத்திலும் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, தழும்பு தெரியாமல். கடையில் நின்ற ஆள் இவர்களில் இருந்தால் அவரைத் தொட்டுக் காட்டவேண்டும் என்று நீதவான் சொன்னார். சிங்களத்தில் சொன்னதை இன்னொருவர் எனக்குத் தமிழில் சொல்ல வந்தார். தேவையில்லை என்றேன்.

படிச்ச ஆக்கள் முகத்தைப் பாக்கமாட்டினம். நான் வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவனைத் தவிர. காது கீழே ஒட்டியிருந்தது. கடையில் பார்த்த அதே மாதிரிப் பார்த்தான், முதலில் என் கையை, பிறகு என் முகத்தை.

கையைத் தூக்கி அவன் தோளில் வைத்தேன். சேர்ட்டுக்குள்ளால் அவனுடைய சூடு தெரிந்தது. நீதவான் எழுதத் தொடங்கினார். அவர் போதும் என்று சொல்லும்வரை நான் கையை எடுக்கவில்லை.